தமிழ்ப் பெயருள்ள கோப்பு தரவிறங்கும்போது பெயர் சிதைகிறது, உதவி தேவை

வணக்கம் உறவுகளே. கோண்டாவிலில் எங்கள் வாசிகசாலையின் பழைய ஆண்டு மலர்களை ஸ்கேன் செய்து இணையத்தளத்தில் போடுகிறோம். பொத்தானை அழுத்தினால் தளத்தில் ஓடும் பிஎச்பி ஸ்கிரிப்ட் (சிறு நிரல்), கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரில், அதாவது கோப்பை என்ன செய்வது என்று பிரவுசருக்குச் சொல்லும் வரியில், 'அட்டாச்மென்ட்' என்று அனுப்பும். பிரவுசர் கோப்பைத் திறந்து காட்டாமல் தரவிறக்கிவிடும். அதுவரை சரி. ஆனால் 'ஆண்டு மலர் 1974' என்ற பெயர் சில கைத்தொலைபேசிகளில் வெறும் அடிக்கோடுகளாக வந்து விழுகிறது.

இந்த ஹெடருக்கான இணையத் தரநிலையாக 2011 இல் வந்த ஆர்எஃப்சி 6266 சொல்கிறபடி, சாதாரண 'ஃபைல்நேம்' முதலில், அப்புறம் நட்சத்திரக் குறியோடு யுடிஎஃப்-8 (தமிழ் எழுத்தையும் தாங்கும் குறியாக்கம்) பெயர் என இரண்டையும் அனுப்புகிறேன். இடைவெளி கூட்டல் குறியாக மாறாதபடி பெயரைக் குறியீடாக மாற்ற 'ராயூஆர்எல்என்கோட்' என்ற பிஎச்பி கட்டளையைத்தான் பயன்படுத்துகிறேன். கணினியில் எல்லாம் ஒழுங்கு. கைத்தொலைபேசியில், தனி பிரவுசருக்குப் போகாமல் ஏதாவது ஒரு செயலிக்குள்ளேயே இணைப்பைத் திறக்கிறவர்களுக்குத்தான் சிக்கல்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தமிழ்ப் பெயரைப் பார்த்துத்தான் மலரைத் தேடி எடுப்பார்கள். ஆங்கிலப் பெயர் வைக்க மனமில்லை. இதைத் தீர்த்தவர்கள் ஆராவது இருந்தால், நீங்கள் அனுப்பும் ஹெடர் வரியை அப்படியே இங்கே போட்டுவிடுங்கோ.