நாலெட்ஜ் ட்ரான்ஸ்லேஷன்: ‘ஆய்வுக் கைக்கொள்ளல்’ சரிவருமா? (குழந்தைகளின் வலித் தணிப்பை முன்வைத்து)

குழுவினருக்கு வணக்கம்.

குழந்தைகளின் வலித் தணிப்பு பற்றிப் பெற்றோருக்கும் செவிலியருக்குமாக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் பக்கத்துக்குப் பக்கம் ‘நாலெட்ஜ் ட்ரான்ஸ்லேஷன்’ வருகிறது. அதற்கு ஒரு தமிழ்ச் சொல் தேடித்தான் இந்த மடல். ஆய்வில் தெரியவந்த ஒன்றை அன்றாடச் சிகிச்சையில் வழக்கமாக்குவதற்கு எடுக்கும் முயற்சி முழுவதற்கும் இது பெயர். 2000-இல் தொடங்கப்பட்ட கனடாவின் சுகாதார ஆராய்ச்சி அமைப்பு இந்தப் பெயரைப் பரப்பியது. ஆங்கிலத்திலேயே இதற்கு ஒரே பெயர் நிலைக்கவில்லை. ஒன்பது நாடுகளில் ஆராய்ச்சிக்கு நிதி தரும் 33 அமைப்புகளிடம் கேட்டபோது, இதே வேலைக்கு 29 பெயர்கள் சொன்னார்களாம். எனவே அந்தச் சொல்லை இரண்டாக உடைத்துத் தமிழாக்குவதில் பயனில்லை. வேலையைப் பார்த்துப் பெயர் வைப்பதே சரி என்பது என் கருத்து.

என்ன வேலை என்று சொல்கிறேன். பச்சிளங்குழந்தையின் நரம்பு மண்டலம் முதிரவில்லை, அதனால் அதற்கு வலி தெரியாது என்று மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். 1980-கள் வரைகூட, தசையைத் தளர்த்தும் மருந்தை மட்டும் கொடுத்து, போதிய மயக்க மருந்து இல்லாமலே பல கைக்குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. 1987-இல் மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்தும் அவருடைய சகாக்களும் குறைமாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. வலி நீக்கும் ஃபென்டனில் கொடுத்த குழந்தைகளுக்கு அறுவையின் தாக்கத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையும் அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களும் குறைந்திருந்தன. அதன்பின் யாரும் ‘தெரியாது’ என்று சொல்ல முடியாது. ஆனால் பாரிஸ் வட்டாரத்துத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 430 பச்சிளங்குழந்தைகளைக் கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் பத்து முறை வலி தரும் சிகிச்சை. அவற்றில் ஏறக்குறைய 80 விழுக்காடு, அந்த வலிக்கென எதுவும் கொடுக்காமலே நடந்தது. இருபது வருடம் கழித்து!

இதைப் படித்துவிட்டு என்னால் ‘அறிவுப் பரிமாற்றம்’ என்று எழுத முடியவில்லை. அறிவு அங்கே போய்ச் சேர்ந்துதான் இருந்தது. கை மட்டும் பழையபடியே வேலை செய்தது.

மரப்புக் களிம்பை எடுத்துக்கொள்ளுங்கள். தோலில் பூசினால் ஊசி குத்தும் இடம் மரத்துப்போகும். களிம்பின் வகையைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஊற வேண்டும். மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதுகிறார், பத்து நிமிடத்தில் ஊசி வந்துவிடுகிறது. களிம்பு அலமாரியிலேயே இருக்கிறது. செவிலியருக்கும் அதைப் பற்றி நன்றாகத் தெரியும். இங்கே இன்னொரு பயிற்சி வகுப்பு நடத்தி என்ன ஆகப்போகிறது? மருத்துவரின் கையெழுத்துக்குக் காத்திராமல், குழந்தை வந்து சேர்ந்ததுமே செவிலியர் களிம்பைப் பூசலாம் என்று ஒரு நிலையான அனுமதி இருந்தால் நிலைமை மாறும். அந்த அனுமதியை வாங்குவது, வேலை வரிசையை மாற்றி அமைப்பது, பிறகு உண்மையில் பூசுகிறார்களா என்று பார்ப்பது எல்லாமே இந்தச் சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

நம் குழுவின் மடல் இழையில் ஏற்கெனவே வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘அறிவுப் பெயர்ப்பு’ என்றால் படிப்பவர் மொழிபெயர்ப்பு என்றே நினைப்பார். ‘அறிவுக் கடத்தல்’ ஒருவழிப் பாதை. கடத்தல் என்ற சொல்லுக்கு வேறு வாடையும் இருக்கிறது. ‘செயலாக்கம்’ கணினிக்காரர்களிடம் போய்விட்டது. ‘நடைமுறைப்படுத்தல்’ நல்ல சொல்தான், ஆனால் அதில் மேலிருந்து வரும் ஆணையின் தொனி இருக்கிறது. தவிர ‘இம்ப்ளிமென்டேஷன்’ என்பதற்கு அது வேண்டும்.

என் பரிந்துரை ‘ஆய்வுக் கைக்கொள்ளல்’. ஒன்றை ஏற்று அதன்படி நடப்பதைத்தான் தமிழில் கைக்கொள்ளுதல் என்கிறோம். இலக்கணத்தில் களவு, கற்பு என்ற இரண்டு ஒழுக்கங்களையும் ‘கைகோள்’ என்று சொல்வதிலும் நடந்துகொள்ளும் முறை என்ற பொருளே இருக்கிறது. வினையாகவும் இயல்பாக வருகிறது: ‘எங்கள் வார்டில் இதை இன்னும் கைக்கொள்ளவில்லை.’ தெரிந்ததற்கும் செய்வதற்கும் நடுவில் உள்ளதைக் ‘கைக்கொள்ளல் இடைவெளி’ எனலாம். ஒரு செவிலியர் வாயில் தடுக்காமல் வரும் சொல் வேண்டும் என்பதே என் முதல் நிபந்தனை.

மாற்றுக் கருத்துகளைச் சொல்லுங்கள்.

* * *

மறுமொழி:

வணக்கம் ஐயா. குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன். சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ‘கைக்கொள்ளவில்லை’ என்பதை நாளைக்கே வார்டில் சொல்லிவிடலாம், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ஆனால் அது பாதி வேலைக்குத்தான் பெயர். புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிடப் பழையதை நிறுத்துவதுதான் எங்களுக்குப் பெரும்பாடு.

தடுப்பூசி அறையில் நடப்பதைச் சொல்கிறேன். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து ஒருவர் காலையும் ஒருவர் தோளையும் அழுத்திப் பிடிப்பார்கள். அம்மாவை வெளியே நிற்கச் சொல்வதும் உண்டு. குழந்தை ஊசியைப் பார்ப்பதற்கு முன்பே அலறத் தொடங்கிவிடும். ஊசியைத் தசையில் குத்திய பிறகு, மருந்தைச் செலுத்துவதற்கு முன் பிஸ்டனைப் பின்னால் இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பதும் பழைய பாடம்தான். தடுப்பூசிக்கு அப்படி இழுக்க வேண்டாம், அது ஊசி உள்ளே இருக்கும் நேரத்தையும் வலியையும் கூட்டுகிறது என்று 2015-இலேயே உலக சுகாதார அமைப்பு சொல்லிவிட்டது. சிறு குழந்தையை வளர்ப்பவர் அணைத்துப் பிடித்திருக்கலாம், வளர்ந்த பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைக்கலாம், கைக்குழந்தை என்றால் ஊசிக்குச் சற்று முன்போ போடும்போதோ தாய்ப்பால் கொடுக்கலாம், ஒரே நாளில் பல ஊசிகள் என்றால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடலாம் என்பதும் அதே வழிகாட்டலில் இருக்கிறது. இவற்றில் எதற்கும் காசு செலவில்லை. பழைய பிடியை விடத்தான் மனம் வர வேண்டும்.

எனவே கைக்கொள்ளலோடு ‘கைவிடல்’ என்பதையும் இணைச் சொல்லாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம், உங்கள் வரைவில் ‘டிஸ்ட்ராக்‌ஷன்’ என்பதற்குக் ‘கவனச்சிதறல்’ என்று போட்டிருக்கிறீர்கள். அது படிக்காத பிள்ளையைத் திட்டும் சொல் ஐயா. நாங்கள் ‘பராக்குக் காட்டுவது’ என்போம். சோப்புக் குமிழி ஊதுவது, பொம்மையை ஆட்டுவது, படக்கதை காட்டுவது எல்லாம் பராக்குதான். பாட்டிமார் காலத்துச் சொல் என்று தள்ளிவிட வேண்டாம். பெற்றோர் படித்த உடனே செய்யத் தெரிந்துகொள்ளும் சொல் அதுதான். ‘வலிக்காது, வலிக்காது’ என்று பொய்யாகத் தேற்றுவது பராக்கு ஆகாது என்பதையும் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். அப்படிச் சொன்னால் அடுத்த தடவை பிள்ளை நம்மை நம்பாது.

* * *

மறுமொழி:

அம்மா, மிக்க நன்றி. ‘கைவிடல்’ அருமையாகப் பொருந்துகிறது. ஆதரவில்லாமல் விட்டுவிடுவது என்ற பொருளும் அதற்கு உண்டே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். அந்தக் குழப்பம் வராதபடி, தனியாக வரும் இடங்களில் ‘பழவழக்கம் கைவிடல்’ என்று முழுதாக எழுதுகிறேன். ‘பராக்குக் காட்டல்’ அப்படியே இருக்கட்டும், மாற்றம் எதுவும் தேவையில்லை.

உங்கள் மடலைப் படித்த பிறகு ‘கைக்கொள்ளல்’ மீது எனக்கு இன்னும் பிடிப்பு வந்திருக்கிறது. மருத்துவமனை மட்டும்தான் கைக்கொள்ள வேண்டும் என்று அந்தச் சொல் கட்டுப்படுத்தவில்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸில், குழந்தைகளின் வலியை ஆராயும் கிறிஸ்டின் சேம்பர்ஸ் குழுவினர் 2015-இல் பெற்றோர் படிக்கும் ஓர் இணையதளத்துடன் கைகோத்து, குழந்தைகளின் வலி பற்றிய ஆய்வு முடிவுகளை வலைப்பதிவாகவும் காணொளியாகவும் நேராகத் தாய் தந்தையரிடமே கொண்டுபோனார்கள். பெற்றோர் கேட்கத் தொடங்கினால் வார்டும் மாறும் என்ற நம்பிக்கைதான். ‘களிம்பு பூசிவிட்டுப் போடுகிறீர்களா?’ என்று ஒரு தாய் கேட்கும்போது ஆய்வைக் கைக்கொண்டவர் அவர்தான். ‘நடைமுறைப்படுத்தல்’ என்று எழுதினால் அந்தத் தாய்க்கு அதில் இடமே கிடையாது.

மறுப்பு இல்லையென்றால் இரண்டாம் வரைவில் ‘ஆய்வுக் கைக்கொள்ளல்’, ‘கைக்கொள்ளல் இடைவெளி’, ‘பழவழக்கம் கைவிடல்’, ‘பராக்குக் காட்டல்’ நான்கையும் சேர்த்துவிடுகிறேன். ‘மரப்புக் களிம்பு’ சிலருக்கு மரத்தை நினைவூட்டுகிறதாம். ‘மரத்தல் களிம்பு’, ‘உணர்வடக்கும் களிம்பு’ என்று இரண்டு மாற்று வந்திருக்கின்றன. மருந்துக் கடையில் கேட்டு வாங்க எது எளிது என்று வார்டில் நாலு பேரிடம் விசாரித்துச் சொல்லுங்கள்.