மறு: பற்குழிப் பாதுகாப்பு – வேறு சொல் வேண்டும்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பல் எடுத்தபின் அந்த இடத்து எலும்பு கரைவதைக் குறைக்கும் சிகிச்சைக்கு, நம் பல் மருத்துவக் கலைச்சொல் பட்டியலுக்காக முன்வைக்கப்பட்ட சொல் இது:

> சாக்கெட் பிரிசர்வேஷன் = பற்குழிப் பாதுகாப்பு

சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பல் எடுத்த குழியை நாங்கள் காப்பாற்றுவதில்லை. அது தூர்ந்து எலும்பாக வேண்டும் என்றுதான் பாடுபடுகிறோம். அதோடு, 'பற்குழி' என்றால் நோயாளிகள் சொத்தைக் குழி என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

காக்க வேண்டியது குழியைச் சுற்றி நிற்கும் எலும்பு மேட்டை. முன்பற்களில் உதட்டுப் பக்கத்துச் சுவர் பெரும்பாலும் 1 மி.மீ.க்கும் மெல்லியது. வேரைச் சுற்றியிருந்த நார்கள் வழியாகவும் அதற்கு இரத்தம் வந்துகொண்டிருந்தது. பல் போனதும் அந்த வழி அடைபட்டுச் சுவர் கரைகிறது. ஓராண்டில் மேட்டின் அகலம் பாதியளவுகூடக் குறையலாம். அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் 3 மாதங்களிலேயே போய்விடும். எலும்புத் துகள் இட்டுச் சவ்வால் மூடுவது இந்த இழப்பைக் குறைக்கத்தான். முழுக்க நிறுத்த முடியாது. வயலில் கரைகிற வரப்பை மண் வைத்து அணைக்கிறோமே, அதே வேலை.

ஆகவே என் பரிந்துரை: தாடைவரப்புக் காப்பு. முதலில் 'பல்வரப்பு' என்றுதான் எழுதினேன். பல வரப்புகள் என்று படிக்க இடமிருப்பதால் மாற்றிவிட்டேன்.

அப்புறம், இதைவிட அவசரமான ஒன்று. நம் பட்டியலில் 'கிளாட்' (பல் எடுத்த குழியில் உறைந்து நிற்கும் இரத்தம்) என்பதற்கு 'இரத்தக் கட்டி' என்றிருக்கிறது. போன மாதம் கடைவாய்ப்பல் எடுத்த ஓர் அம்மாவிடம் அந்தச் சொல்லோடு அச்சடித்த தாளைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார், காதுவரை வலி. "கட்டின்னு போட்டிருந்துச்சு டாக்டர், பயந்துபோய் நல்லா கொப்பளிச்சுத் துப்பிட்டேன்" என்றார். உள்ளே எலும்பு வெளுப்பாகத் தெரிந்தது.

அந்த உறைந்த இரத்தம்தான் எலும்பு ஆறுவதற்கு அடித்தளம். அதற்குள் புதுத் திசு ஊடுருவித்தான் சில வாரங்களில் இளம் எலும்பு உண்டாகிறது. 'உறைவு' என்றே சொல்வோம். உறை ஊற்றிய பாலை யாரும் ஆட்டமாட்டார்கள். இப்போது நோயாளிகளிடம் அப்படித்தான் சொல்கிறேன்: "பால் உறையிற மாதிரி உறைஞ்சிருக்கு, இன்னைக்கு ஆட்டிடாதீங்க." உடனே புரிந்துகொள்கிறார்கள். அது போய்விட்டால் 'உறைவிழப்பு'. ஆங்கிலத்தில் இதை 'டிரை சாக்கெட்' என்பார்கள்; 'உலர்குழி' என்ற அதன் நேர் மொழிபெயர்ப்பு எது போயிற்று என்பதைச் சொல்லவில்லை.

இன்னும் ஒரு சொல் பாக்கி. குழிக்குள் இடும் எலும்புத் துகளுக்கு 'எலும்பு ஒட்டு' என்பதா, 'எலும்பு நிரப்பு' என்பதா? நாங்கள் ஒட்டுவதில்லை, இட்டு நிரப்புகிறோம். எனக்கு 'நிரப்பு' பிடித்திருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?