புதுப்பிப்பு: சாரி கார்டு நட்டு இப்போது கழலுவதில்லை

இரண்டு மாதம் முன்பு இங்கே கேட்டிருந்தேன்: பைக்கின் சாரி கார்டு நட்டை எத்தனை தடவை இறுக்கினாலும் பத்து நாளில் தளர்ந்து கடகடவென்று ஆடுகிறது, என்ன செய்யலாம் என்று. அம்மா பின்னால் உட்கார்ந்து வரும் வண்டி, அதனால்தான் அவ்வளவு கவலை. இரண்டு பேர் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு) போடச் சொன்னீர்கள். போட்டு ஐந்து வாரம் ஆகிறது, அசையவே இல்லை. ரொம்ப நன்றி.

முன்பு ஏன் கழன்றது என்பதும் இப்போதுதான் புரிந்தது. இறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. மரையில் உள்ள உராய்வு நட்டைச் சுழல விடாமல் வைக்கிறது. அதிர்வில் தகடுகள் பக்கவாட்டில் வழுக்க ஆரம்பித்தால் நட்டு தானாகவே பின்னால் சுழலும். 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற பொறியாளர் சோதனையில் காட்டியது இதைத்தான். நான் நம்பியிருந்த ஸ்பிரிங் வாஷரோ முழுதாக இறுகியதும் தட்டையாகி, சாதா வாஷர் மாதிரி ஆகிவிடுகிறது. நைலாக்கில் இருக்கும் நைலான் வளையம் மரையை நெருக்கிப் பிடிப்பதால், இறுக்கம் கொஞ்சம் குறைந்தாலும் நட்டு கழன்று விழாது.

சைலன்சர் பக்கம் மட்டும் இது வேண்டாம். சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் நைலானின் பிடி போய்விடும். அங்கே முழுக்க உலோகத்தாலான லாக் நட்டு போடுங்கள். அப்புறம், கழற்றி மாட்டினால் பழையதையே போடாமல் புது நைலாக் வாங்கிவிடுங்கள்.