புதுப்பிப்பு: 80 ஆண்டுக்கு அருகில் நிற்கும் குத்தகை

இங்கிலாந்தில் நாங்கள் வாங்கும் ஃபிளாட்டின் குத்தகையில் 80 ஆண்டும் சில வாரங்களுமே மீதம். வாங்கிய பிறகு நீட்டிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

வாங்கி இரண்டாண்டு கழித்தே நீட்டிப்பு கேட்க முடியும் என்ற விதி 2025 ஜனவரி 31 அன்றே ஒழிந்தது, உண்மைதான். ஆனால் நீட்டிப்பு கேட்டு நில உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க, நிலப்பதிவேட்டில் நம் பெயர் ஏறியிருக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் 80-க்குக் கீழே இறங்கினால், நீட்டிப்பால் கூடும் மதிப்பில் பாதி நில உரிமையாளருக்குப் போய்விடும்.

வழக்கறிஞர் வேறு வழி பிடித்தார். விற்பவரே, குத்தகை நீட்டிப்பு உரிமை தரும் 1993 சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து, அந்த உரிமையைக் கிரயத்தோடு எங்களுக்கு மாற்றித் தருகிறார். நோட்டீஸ் கொடுத்த தேதிதான் மதிப்பீட்டுத் தேதி; அதனால் பிறகு 80-க்குக் கீழே இறங்கினாலும் பாதிப்பில்லை. முதலில் முரண்டு பிடித்த விற்பவர், செலவு எங்களுடையது என்றதும் மளமளவென்று கையெழுத்திட்டார்! இனி நில உரிமையாளரின் பதிலான எதிர் நோட்டீஸ் வர வேண்டும்.