புதுப்பிப்பு: செல் உடைப்புத் தரவில் இரண்டு முகடுகளைப் பிரிப்பது

ஹோமோஜெனைசரில் (அதிக அழுத்தத்தில் செல்லை உடைக்கும் கருவி) உடைத்த ஈ.கோலை பாக்டீரியாவின் லேசர் துகள் அளவுத் தரவைப் பைத்தானில் அலசுவது பற்றி, ஓசூர், தருமபுரி ஆய்வக நண்பர்களுக்காக முன்பு எழுதியிருந்தேன். அதில் ஒரு திருத்தம்: ஒளிச்சிதறலைத் துகள் அளவாக மாற்றும் எளிய கணக்கு முறையான ஃபிரான்ஹோஃபர் மாதிரி வேண்டாம். முழு செல்லே 1–2 மைக்ரான் நீளம்தான்; அந்த அளவில் இந்த மாதிரி இல்லாத நுண்துகளைக் காட்டிவிடும். துகளின் ஒளியியல் பண்புகளையும் கணக்கில் எடுக்கும் மீ (Mie) மாதிரியில் செல்லுக்கு ஒளிவிலகல் எண் 1.39–1.40, தண்ணீருக்கு 1.33, உறிஞ்சல் 0.001 என்று தொடங்குங்கள்.

கருவியிலிருந்து கன அளவுப் பரவலையே ஏற்றுமதி செய்யுங்கள். விட்டம் பாதியானால் கன அளவு எட்டில் ஒன்று. எண்ணிக்கைப் பரவலில் சிதைவுகள் மட்டுமே தெரியும். உடையாத செல்கள் மறைந்து, வேலை முடிந்ததுபோல் ஏமாற்றும்.

முக்கியமானது பொருத்தும் முறை. தரவில் இரண்டு முகடுகள்: உடையாத செல்கள், சிதைவுகள். இவற்றுக்கான இரண்டு லாக்நார்மல் (மடக்கை அளவில் மணி வடிவம்) வளைவுகளையும் ஒரே நேரத்தில் தளர்த்திவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று சரிந்துவிடும். முதலில் உடைக்காத செல் சாம்பிளை மட்டும் பொருத்தி, அதன் மையத்தையும் அகலத்தையும் பூட்டுங்கள். பிறகு ஹோமோஜெனைசரின் ஒவ்வொரு சுற்றுத் தரவிலும் அதன் பரப்பையும் சிதைவு முகட்டையும் மட்டும் தேடவிடுங்கள். வரும் பரப்பு விகிதம் உடைப்புச் சதவீதம் அல்ல. செல்லின் கரைந்த பகுதி துகளாகத் தெரியாது. பிராட்ஃபோர்டு சோதனை (சாயத்தால் புரதத்தை அளப்பது) தரும் கரைந்த புரத அளவோடு ஒப்பிட்டே நம்புங்கள்.

50 மைக்ரானுக்கு மேல் முகடு வந்தால் பெரும்பாலும் காற்றுக்குமிழி அல்லது டி.என்.ஏ. திரள். குமிழி நீக்குங்கள், மெக்னீசியத்தோடு டி.என்.ஏஸ் (டி.என்.ஏ.வை வெட்டும் நொதி) சேர்த்துவிடுங்கள். நீர்க்க வைக்க நம் பக்கத்து உப்பான போர் தண்ணீர் கூடவே கூடாது, 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பஃபர் (அமில-காரத் தன்மை எளிதில் மாறாத கரைசல்)தான்.