முப்பதாயிரத்தில் மானிட்டரா, கேலிப்ரேட்டரா?

அல்சூர்வாசி:
பெங்களூரில் கல்யாணப் படம் எடுக்கிறேன். திரையில் சரியாகத் தெரிகிற முகங்கள் ஆல்பத்தில் கறுத்து வருகின்றன. போன கல்யாணத்தில் மயில் கழுத்துப் பட்டு வெறும் பச்சையாக அச்சானது. இருப்பது பழைய டிஎன் பேனல் மானிட்டர். பட்ஜெட் 30,000. இன்னும் காசு சேர்த்து, அதிக நிறங்களைக் காட்டும் அடோப் ஆர்ஜிபி மானிட்டர் வாங்கவா, சாதாரண ஐபிஎஸ் பேனல் மானிட்டரோடு கேலிப்ரேட்டர் (திரை நிறத்தை அளந்து சரிசெய்யும் கருவி) வாங்கவா?

கறார்_கணக்கு:
இரண்டாவதுதான். டிஎன் பேனலில் தலையைச் சாய்த்தாலே நிறம் மாறும், அதை முதலில் ஓரங்கட்டுங்கள். எஸ்ஆர்ஜிபியை, அதாவது திரைகளுக்கான வழக்கமான நிற வரம்பை, முழுசாகக் காட்டும் ஐபிஎஸ் போதும். முகம் கறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சம். புது மானிட்டர்கள் 250 நிட்ஸுக்கு (நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தின் அளவு) மேலேயே எரியும். அந்தப் பளபளப்பில் திருத்தினால் படம் இருட்டாக இருப்பதே தெரியாது. காகிதம் தானாக ஒளி விடாதே! 100 நிட்ஸ் பக்கம் இறக்கிப் பாருங்கள்.

நிறப்பித்தன்:
வெளிச்சம் சரி, மயில் கழுத்தை என்ன செய்வது? 1996-ல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் அன்றைய டப்பா மானிட்டர்களை வைத்து வகுத்ததுதான் எஸ்ஆர்ஜிபி. நீலமும் பச்சையும் கலக்கிற இடத்தில் அது ரொம்பக் குறுகல். 1998-ல் வந்த அடோப் ஆர்ஜிபி அந்தப் பக்கத்தைத்தான் அகலப்படுத்தியது. பேனலுக்கு வராத நிறத்தை எந்தக் கேலிப்ரேட்டரும் வரவழைக்காது. பட்டுப்புடவையை வைத்துப் பிழைக்கிறவர் அதைப் பார்க்காமலே எடிட் பண்ணுவதா?

கறார்_கணக்கு:
பார்த்து? ஆல்பம் லேப் பலவும் எஸ்ஆர்ஜிபி ஜேபெக்தான் கேட்கும். அப்புறம், ப்ரொஃபைலை (நிறத்தை எப்படிக் காட்டுவது என்ற குறிப்பை) மதிக்காத ஆப்பில் படத்தைத் திறந்தால், அடோப் ஆர்ஜிபி மாதிரி வைட் கேமட் (அகல நிற வரம்பு) மானிட்டரில் மணப்பெண் முகம் தக்காளி.

நிறப்பித்தன்:
அதற்குத்தான் மானிட்டரிலேயே எஸ்ஆர்ஜிபி மோட் கொடுத்திருக்கிறான். நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் எஸ்ஆர்ஜிபியைத் தாண்டிய நீலப்பச்சையை அச்சடிக்கும். லேப் கேட்பதையே எல்லையாக வைத்துக்கொண்டால் பெரிய பிரிண்ட் ஆர்டர் வரும்போது மறுபடி செலவு.

ஆல்பம்_அக்கா:
இரண்டு பேர் சண்டையில் தம்பி கேள்வி காணாமல் போச்சு. தம்பி, முதலில் லேபில் ஐசிசி ப்ரொஃபைல் (அவர்கள் அச்சில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) கேளுங்கள். அதை ஃபோட்டோஷாப்பில் போட்டு சாஃப்ட் ப்ரூஃப், அதாவது அச்சின் மாதிரியைத் திரையிலேயே, பார்த்தால், எந்த நிறம் அச்சில் சாகும் என்று ஓரளவு முன்பே தெரியும். ப்ரொஃபைல் தராத லேபை மாற்றிவிடுங்கள், நான் மாற்றினேன். கேலிப்ரேட்டரைத் தனியாளாக வாங்கத் தேவையில்லை. மாதம் ஒரு முறை தேவைப்படும் பொருள், நண்பர்கள் சேர்ந்து வாங்கலாம். அதோடு ஓட்ட டிஸ்ப்ளேகேல் இருக்கிறது, இலவச மென்பொருள். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு அளக்கவும்: வெள்ளைக்கு 6500 கெல்வின், இருட்டு-வெளிச்சப் படிகளுக்குக் காமா 2.2. திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டையும் வெளிச்சத்தைத் தானாக மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்ட்டையும் அணைக்காமல் அளந்தால் வீண் வேலை. பேனல் வகையை மென்பொருளில் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வைட் கேமட்டைச் சாதாரண எல்இடி என்று சொல்லி அளந்தால் வெள்ளையே தப்பாகும், இதை யாரும் சொல்வதில்லை. ஜன்னல் வெயில் திரையில் விழக்கூடாது.

அல்சூர்வாசி:
நன்றி அக்கா. அப்படியென்றால் எஸ்பி ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஐபிஎஸ், கேலிப்ரேட்டர் பங்குக்கு.

கறார்_கணக்கு:
என்னிடம் கேலிப்ரேட்டர் ஒன்று சும்மாதான் கிடக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நிறப்பித்தன்:
அடுத்த வருஷம் இதே கேள்வியோடு வருவீர்கள், பாருங்கள்.

கறார்_கணக்கு:
வரட்டுமே. அதற்குள் அந்த மானிட்டருக்கான காசைச் சம்பாதித்திருப்பார்.