மறு: டேபருக்கு என்ன சொல்லலாம்?

> ‘சிறுபறை’ போதுமே. பழைய சொல், சின்ன மேளம். எதற்குப் புதிதாக?

ஐயா, வணக்கம். டேபர் (tabor) என்ற பழைய ஆங்கிலேய மேளத்துக்குத் தமிழ்ப் பெயராகச் ‘சிறுபறை’ போதும் என்கிறீர்கள். சிறுபறை என்றதும் எனக்குப் பிள்ளைத்தமிழ்தான் ஞாபகம் வருகிறது. குழந்தை முழக்கும் பறை அது. முதலாம் எலிசபெத் அரசி காலத்து டேபரும் சின்னதுதான். ஆனால் அதன் அடையாளம் அளவில் இல்லை, வாசிக்கிற விதத்தில் இருக்கிறது.

ஒரே ஆள், இரண்டு கருவி. இடது கையில் மூன்று துளைக் குழல்: முன்னால் இரண்டு, பின்பக்கம் கட்டைவிரலுக்கு ஒன்று. மூச்சை அழுத்தினால் அதே துளைகளில் மேல் சுரங்கள் எழும் என்பதால், ஒரு ஸ்தாயிக்கு மேலேயே வாசித்துவிடலாம். மேளமும் அந்தக் கையில்தான் தொங்கும். வலது கையில் ஒற்றைக் குச்சி. 1600இல் வில் கெம்ப் என்ற கோமாளி நடிகர் லண்டனிலிருந்து நாரிச் வரை ஆடிக்கொண்டே போனாரே, அவருக்கு வாசித்தவர் தாமஸ் ஸ்லை ஒருவர்தான். கெம்ப் அச்சிட்ட புத்தகத்தின் முகப்புப் படத்தில் குழலும் மேளமுமாக அவரும் நிற்கிறார்.

ஆகவே என் பரிந்துரை: குழற்பறை. குழலால் செய்த பறை என்று படித்துவிடுவார்களே என்றால், பாற்குடத்தைப் பாலால் செய்த குடம் என்றா படிக்கிறோம்? கூட வரும் குழலுக்கு ‘ஒருகைக் குழல்’ போதும்.

அப்புறம், டேபரின் தோல்மேல் குறுக்கே கட்டும் நரம்பான ஸ்நேருக்குக் (snare) ‘கண்ணி’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏறியிருக்கிறது. அகராதியின் முதல் பொருளை எடுத்துவிட்டார்கள் போல. அது பறவை பிடிக்கிற கண்ணி! டச்சுக்காரர்கள் இசைக்கருவியின் நரம்பை இன்றும் ஸ்நார் என்றுதான் சொல்கிறார்கள். நம் உடுக்கையிலும் ஒரு முகத்தில் இப்படி நரம்பு உண்டு, அந்த ர்ர்ர் ஓசைக்காக. ‘அதிர்நரம்பு’ என்று வைக்கலாம்.

கிண்ண வடிவ மேளமான கெட்டில்டிரம்முக்கு ‘அண்டாமுரசு’ வேண்டவே வேண்டாம், சமையற்கட்டு வாசனை அடிக்கிறது. 1598இல் கிரீனிச் அரண்மனைக்குப் போன ஜெர்மானியர் பால் ஹென்ட்ஸ்னர், அரசியின் சாப்பாட்டு வேளையில் 12 எக்காளமும் இரண்டு கெட்டில்டிரம்மும் அரை மணி நேரம் கூடத்தை அதிரவைத்ததாக எழுதுகிறார். ஆங்கிலேயர் அதற்கு முன்பு இடுப்பில் கட்டி வாசித்த சின்ன ஜோடிக்கு நேக்கர்ஸ் என்று பெயர். அரபு நக்காராவிலிருந்து வந்தது. நம் கோயில் நகராவும் அதே வீட்டுப் பிள்ளைதான். அரபுச் சொல்லாயிற்றே என்று தனித்தமிழ் நண்பர்கள் முகம் சுளிக்கலாம். சரி, இருக்கட்டும். என் வாக்கு நகராவுக்கு.

அன்புடன்.